ஆறாவது ஆச்சாக் கட்டை

என் பெரியப்பா இசக்கிப்பாண்டி நின்றுகொண்டே தூங்கக்கூடியவர். தாராவியில் தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்றபடி தூங்குவார். வரிசை நகர்ந்தால் தூக்கத்திலேயே ஓர் எட்டு நகர்வார். ஒருமுறை அவர் கையிலிருந்த காலி வாளியை உருவிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆட்டின் கயிற்றைக் கொடுத்துவிட்டேன். குழாய் வரை ஆட்டோடுதான் போனார். அங்கே கண்ணைத் திறந்து ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுல எத்தன குடம் பிடிக்கும்ட்டி பூமாரி?"

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அவருடைய தெம்பையெல்லாம் ரே ரோடு பக்கம் ஒரு மர அறுவை மில் வாங்கிக்கொண்டது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் பம்பாய்க்கு வந்தவர். முதலில் இரண்டு ஆள் இழுக்கும் பெரிய வாள். ஒருத்தன் மரத்தின் மேலே நிற்பான், ஒருத்தன் கீழே பள்ளத்தில் நிற்பான். பெரியப்பா ஆறு வருஷம் கீழ் ஆள். அறுபடுகிற தூள் எல்லாம் அவர் கண்ணுக்குத்தான். பிறகு மிஷின் வாள் வந்தது. அது இடது கையில் இரண்டு விரலையும், அதன் இரைச்சல் வலது காதையும் எடுத்துக்கொண்டது. பெரியம்மா முருகம்மாள் ஏசத் தொடங்கினால் மெதுவாகத் தலையைத் திருப்பி அந்தக் காதை அவளிடம் கொடுத்துவிடுவார்.

பிள்ளை கிடையாது. எங்கள் ஒற்றை அறைக் கோலிக்கும் அவர்கள் கோலிக்கும் நடுவே மூன்று முழச் சந்து. நான் இரண்டு பக்கமும் சாப்பிடுவேன். ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் வாத்தியார் நாற்காலியும் கொஞ்சம் பசையும். அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

இப்படி அலுத்துப்போன மனுஷன் மூன்று வருஷம் ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது பெரியம்மாவின் தம்பி பூலோகம் மாமாவுக்காக.

மாமா நாயனம் வாசிப்பவர். அறுபத்திரண்டாம் வருஷம் ஆண்டாப் ஹில் அம்மன் கொடைவிழாவில் வாசித்துக்கொண்டிருந்தபோது நாயனம் மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. அரிவாளோடு ஆடிக்கொண்டிருந்த சாமியாடி சத்தம் நின்றதும் திருதிருவென்று விழித்து, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு மாமாவுக்கு இரவல் நாயனம்தான். கும்பகோணம் பக்கம் நாயனம் கடைகிற ஆசாரிக்கு எழுதிக் கேட்டார்கள். பழைய வீட்டுத் தூணோ உத்தரமோ ஆச்சா மரமாக இருந்தால் மூன்றடி அனுப்புங்கள், வெடிப்பு இருக்கக் கூடாது, என்னிடம் மரம் இல்லை என்று பதில் வந்தது. பழைய வீட்டுத் தூணுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுத் தகரங்களைத் தாங்கி நிற்பது பக்கத்து வீட்டுத் தகரங்கள்தான்.

பெரியப்பாவின் மில்லுக்குக் காந்தேஷ் பக்கமிருந்து 'அஞ்சன்' என்று ஒரு மரம் வரும். வண்டி அச்சுக்கும் கம்பத்துக்கும் வாங்குவார்கள். தண்ணீரில் போட்டால் கல் மாதிரி மூழ்கும். வாளின் பல்லைத் தின்றுவிடும் என்று யாரும் அதை அறுக்கச் சம்மதிக்க மாட்டார்கள். பெரியப்பா ஒருநாள் அதன் அடியை ஓர் ஓரமாகச் செதுக்கிப் பார்த்தார். உள்ளே கறுத்த சிவப்பு. "இது நம்ம ஆச்சால்லா!" என்றாராம்.

முதலாளி ரோஷன் சேட் சிரித்தார். "இதைக் காயப் போடப்போறியா? இது உன்னைக் காயப் போட்டுடும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, யாருக்கும் வேண்டாமல் அடியில் கிடந்த ஒரு குட்டை மரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பெரியப்பா அதை அறுத்தது ஆடி மாதம், கொட்டுகிற மழையில், மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமை. சோறு கொண்டுபோன நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாள் உள்ளே போகப் போகப் புகை வந்தது. மூன்று தடவை நிறுத்திப் பல்லுக்கு அரம் போட்டார். அறுத்த வாய் மூடிக்கொண்டு வாளைக் கவ்வியது. ஆப்பு அடித்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

"ஒங்களுக்கு வேற நாளே கெடைக்கலியா பெரியப்பா? மழையில வந்து அறுக்கியளே."

"வெயில்ல அறுத்தா அறுத்த கையோட வெடிக்கும்ட்டி. மேல காஞ்சி சுருங்கும், உள்ள பச்சையாக் கெடக்கும். ஒண்ணு சுருங்குது, ஒண்ணு சுருங்க மாட்டேங்கு. வெடிக்காம என்ன செய்யும்? நானும் ஒங்க பெரியம்மையும் மாதிரி."

நடுத்தண்டை ஒதுக்கிவிட்டார். அது இருக்கிற கட்டை கட்டாயம் வெடிக்குமாம். சுற்றியுள்ள வைரம் பாய்ந்த பகுதியிலிருந்து மூன்றடி நீளம், மூன்று அங்குலச் சதுரத்தில் ஆறு கட்டைகள் கிடைத்தன. மரத்தின் இரண்டு முனைகளிலும்தான் ஈரம் அவசரமாக ஓடுமாம். அங்கே அடைத்தால் மெதுவாகப் போகும். துறைமுகத்தில் கப்பலுக்குச் சாயம் அடிக்கிற அவருடைய சிநேகிதர் ஹமீது, துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்குப் பூசும் சிந்தூர நிறச் சாயத்தில் ஒரு டப்பா கொடுத்தார். ஆறு கட்டைக்கும் தலையிலும் காலிலும் அதைக் கெட்டியாகப் பூசினார். செக்கச் செவேலென்று இருந்தது.

இரண்டு வருஷம் அவை கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் மூங்கில் பட்டை, மேலே சாக்கு. மாதம் ஒருமுறை கரிக்கடைத் தராசில் நிறுத்தி, எடையைச் சுவரில் எழுதுவார். ஒவ்வொன்றும் ஏழு கிலோவில் தொடங்கியது. எடை இறங்குவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் எடை நிற்கும் வரை கட்டைகள் தாக்குப்பிடிக்கவில்லை. முதலாவது இரண்டாம் மாதமே ஒரு மத்தியானம் பட்டாசு மாதிரி வெடித்தது. பெரியம்மா கையிலிருந்த குழம்புச் சட்டியைப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக. ஒவ்வொரு தடவையும் பெரியப்பா வந்து, வெடிப்பின் மேல் கட்டை விரலை மேலிருந்து கீழே ஒருமுறை இழுப்பார், கட்டையைத் தனியே எடுத்து வைப்பார், கை கழுவிச் சாப்பிட உட்காருவார். மூன்றைப் பெரியம்மா அடுப்பில் வைத்தாள். அதுவும் லேசில் எரியவில்லை. இரண்டு மூலையில் கிடந்தன.

அறுபத்தைந்தில் ஆறாவது மட்டும் மிச்சம். ஐந்து கிலோ எழுநூறு. ஒரு கீறல் இல்லை.

பூலோகம் மாமா ஞாயிறுதோறும் வருவார். "அத்தான், காஞ்சிட்டா?"

"இல்ல மாப்ள."

"எங்க செட்டு மேளக்காரன் சொல்லிட்டான் அத்தான். தையில சொந்த நாயனம் இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவானாம்."

"மழை முடியட்டும். ஐப்பசியில அனுப்பிருவோம்."

அந்த வருஷ மழையில் கோலிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அதனால் பெரியப்பா கட்டையை வெளியே எடுத்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவேயுள்ள சந்தில், கூரைக்கு அடியில் சொட்டுத் தண்ணீர் படாத இடத்தில், செங்கல் மேல் நிறுத்தி வைத்தார். உடம்பைச் சுற்றிச் சாக்கு. சிவப்புத் தலை மட்டும் வெளியே. அந்த வாரம் மில்லிலிருந்து அவரை ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டை அறுக்கக் கல்யாணுக்கு அனுப்பினார்கள். ஆறு நாள் வேலை.

"மழை அடிக்காமப் பாத்துக்கோட்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மழை அடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு வீடு தள்ளிப் பேராச்சி என்று ஒருத்தி ஊரிலிருந்து புதிதாக வந்திருந்தாள். கைக்குழந்தைக்காரி. ரயில் ஊதினால் பயப்படுவாள், இந்தியில் யாராவது பேசினால் பயப்படுவாள். பயப்படுகிற ஆளைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஆடிச் செவ்வாய்க்கிழமை காலையில், சிகரெட் பெட்டி வெள்ளித்தாளில் இரண்டு கண் கத்தரித்து, சோற்றுப் பருக்கையால் கட்டையின் சிவப்புத் தலைக்குக் கீழே ஒட்டினேன். கரியால் மீசை. பூக்காரி தூக்கிப்போட்ட வாடின மாலை ஒன்று. தண்ணீர் எடுக்க அந்த வழியாகத்தான் வருவாள். கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அவள் அலறவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அந்தச் சகதியிலேயே குப்புற விழுந்தாள்.

"மாடசாமி! இங்கயும் வந்து நிக்கியா அய்யா? நாலு மாசமா ஒன் மொகத்தப் பாக்காம..." என்று அழுதாள். எங்கள் பக்கத்தில் சுடலைமாடனுக்கு உருவம் என்று ஒன்று தேவையில்லை, கம்பமாக நிற்பான். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

சிரிப்பு வரவேண்டிய இடத்தில் எனக்கு வரவில்லை. அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். அழுகிறவளிடம் போய், நீ கும்பிடுவது வண்டி அச்சு மரம் என்று எப்படிச் சொல்ல? சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். சாயங்காலத்துக்குள் அவள் குழந்தைக்கு மூன்று நாளாக இருந்த காய்ச்சல் விட்டுவிட்டது. டாக்டர் மருந்தும் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது; அதை யாரும் பேசவில்லை.

புதன்கிழமை விளக்கு வந்தது. வியாழக்கிழமை எதிர்ச் சந்து மராட்டிக்காரக் கிழவி வந்து, சிவப்பைப் பார்த்து, சிந்தூரம் பூசிய தன் ஊர்ச் சாமி என்று தானும் கும்பிட்டுவிட்டு, ஒரு தேங்காய் வைத்துவிட்டுப் போனாள். பெரியம்மாவுக்கு அது கட்டை என்று தெரியும். ஆனால் இதுவரை அவளை ஏறிட்டுப் பாராதவர்கள் எல்லாம் "யக்கா, ஒங்க வீட்டு வாசல்லல்லா வந்து நிக்கான்" என்று கையைப் பிடித்தபோது, அவளுக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது.

"ஆறுல அஞ்சி வெடிச்சி இது மட்டும் நிக்குன்னா, சும்மாவா நிக்கும்?" என்றாள் என்னிடம். அவள் கண்ணைப் பார்த்தேன். விளையாடவில்லை.

வெள்ளிக்கிழமை சாக்கை அவிழ்த்துவிட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பால், இளநீர். மறுபடி மஞ்சள் தண்ணீர். நனைந்த உடம்பில் சிவப்புத் துணி சுற்றினார்கள். அதன் எதிரிலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்தார்கள். ஒரு பக்கம் அனல், ஒரு பக்கம் ஈரம். நான் போய், "அது கட்ட! கண்ணு நாந்தான் ஒட்டுனேன்! பெரியப்பா வந்தா கொல்லுவாவ!" என்று கத்தினேன்.

பேராச்சி என் தலையைத் தடவினாள். "நீ ஒட்டுனியா? ஒன்னை ஒட்ட வச்சது யாரு?"



சனிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா கல்யாணிலிருந்து வந்தார். சந்தில் கால் வைத்ததும் நின்றார். பையைக் கீழே வைக்கவில்லை. துணிக்குள் கையை விட்டுக் கட்டையைத் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார்.

"பாலா?"

"ஆமா."

"அடுப்பு எந்தப் பக்கம் வச்சாவ?"

காட்டினேன். அந்தப் பக்கத்தை மறுபடி தடவினார். பிறகு அங்கேயே, பொங்கல் சாம்பல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் செய்ததை எல்லாம் இடது காதுப் பக்கம் நின்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"கண்ணு நல்லா வெட்டியிருக்க" என்றார்.

எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "கும்பிட்டுட்டாவள்லா. இசக்கின்னு சாமி பேர வச்சிக்கிட்டு நான் எப்படிட்டி அதுல கை வைக்க?" என்றார். பூலோகம் மாமா வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் பெரியப்பா மூலையில் கிடந்த இரண்டு கட்டைகளையும் எடுத்து வந்து பேராச்சியிடம் கெஞ்சினார்.

"இதுவும் அதே மரந்தாம்மா. அதே சாயம். ரெண்டுமே வச்சிக்கிடுங்க. அத மட்டும் தாங்க."

பேராச்சி குனிந்து பார்த்தாள். "அண்ணாச்சி, இது வெடிச்சிருக்கே. பின்னம் பட்டத வச்சிக் கும்பிடலாமா?"

அவள் சொன்னது சரிதான். நாயனத்துக்கு ஆகாதது சாமிக்கும் ஆகாது. இரண்டு பேருக்கும் அந்த ஒரே கட்டைதான் வேண்டும்.

சாமியையே கேட்போம் என்று முடிவானது. ஞாயிறு காலையில் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூ வந்தால் சாமி போகச் சம்மதம், சிவப்பு வந்தால் இங்கேயே. கன்னிப்பெண் கட்டினால்தான் வாக்கு சரியாக வரும் என்று பொட்டலம் கட்டுகிற வேலையை என்னிடமே கொடுத்தார்கள். எங்கள் சந்தில் புத்திசாலிகள் அதிகம்.

வெற்றிலையில் இரண்டு பொட்டலம் கட்டினேன். சூடம் கொளுத்தி, தாம்பாளத்தில் போட்டு, பேராச்சியின் குழந்தையைக் கொண்டு ஒன்றை எடுக்க வைத்தார்கள். பிரித்தார்கள். முல்லை. வெள்ளை.

பேராச்சி அடுத்த பொட்டலத்தை எடுக்கக் கையை நீட்டினாள். அவள் கை போவதற்குள் பெரியப்பாவின் மூன்று விரல் கை வந்து அதை எடுத்து, மடியில் செருகிக்கொண்டது.

"சாமிட்ட ரெண்டு வாட்டி கேக்கக் கூடாதும்மா" என்றார்.

பேராச்சி தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க போவுதான் அண்ணாச்சி?" என்றாள்.

"ஊருப் பக்கந்தான். ரயில்ல."

"திரும்பி வருவானா?"

"வந்தா சத்தம் கேக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. உள்ளே வந்து அந்தப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிரித்தால் அதிலும் முல்லைதான் இருந்திருக்கும்.

கரிக்கடையில் நிறுத்தினோம். ஐந்து கிலோ எண்ணூற்றைம்பது. மரத்தூளைச் சல்லடையில் சலித்து, அதற்குள் கட்டையைப் புதைத்து வைத்தார். தூள் ஈரத்தை மெல்ல இழுக்குமாம். தினமும் தூளை மாற்றுவது என் வேலை என்று யாரும் சொல்லவில்லை, நானே செய்தேன். மில்லிலிருந்து ஒன்பது மணி நேர வேலை முடிந்து, அரைச் சாக்குத் தூளைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அவர் வருவார். கண்டக்டர்கள் ஏற்ற மாட்டேன் என்பார்கள். சில நாள் நடந்தே வருவார். ஆவணி போனது. ஒரு சத்தமும் இல்லை. புரட்டாசியில் எடை மறுபடி ஐந்து எழுநூறு. பூலோகம் மாமா அன்றைக்கு ஜிலேபி வாங்கி வந்தார்.

ஐப்பசியில் மழை சட்டென்று விட்டது. பம்பாய்க்கு அந்த மாதம் ஒரு வெயில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுப்புவதற்குச் சாக்குத் தைக்க ஊசி கோத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அடிப்பக்கத்தில் கையை நிறுத்தினார். கட்டை விரலால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடவினார். அடுப்பு எரிந்த பக்கம்.

தலைமுடி மாதிரி ஒரு கோடு. ஏழு அங்குலம் இருக்கும்.

பூலோகம் மாமாவும் இருந்தார். மூன்று பேரும் அதைப் பார்த்தோம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இது நிக்குமா அத்தான்?"

"நிக்காது. ஓடும். இன்னைக்கு ஏழு, நாளைக்கு எங்கயோ." பெரியப்பா எழுந்து கைவாளை எடுத்தார். "ஓடுததுக்கு முன்ன அறுக்கணும். ஒம்பது அங்குலம் போவும்."

"ஒம்பதா? மூணடியில ஒம்பது போனா நாயனம் வராது."

"தெரியும்."

பெரியப்பா கட்டையைப் பலகைமேல் வைத்து, ஒன்பதாவது அங்குலத்தில் கோடு போட்டார். "பிடிட்டி" என்றார். நான் தலைப்பக்கத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை வாளை வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். துண்டு கீழே விழுந்தது. அறுத்த முகத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"எங் கண்ணுல தூளுதாம்ட்டி இருக்கு. நீ பாரு."

பார்த்தேன். வெடிப்பு இருந்திருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் சத்தியமாக இல்லை. நம்ப முடியாமல் இன்னும் இரண்டு தடவை பார்த்தேன்.

"இல்ல பெரியப்பா."

பூலோகம் மாமா கட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இருபத்தேழு அங்குலம். நாயனம் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் அதன்மேல் வைத்தார். விரல்கள் பழக்கத்தில் அகலமாகப் போய், பிறகு ஒவ்வொன்றாக நெருங்கி வந்தன.

"திமிரி வரும்" என்றார். திமிரி என்பது குட்டை நாயனம். சுருதி உச்சத்தில் நிற்கும். ஊதுகிறவன் நெஞ்சைப் பிழிந்துவிடும். அப்போதே அதை வாசிப்பவர்கள் குறைவு.

"ஒமக்கு நாப்பத்தெட்டு வயசு வே. நெஞ்சு தாங்குமா?"

"தாங்கலன்னா மேளக்காரன் போகச் சொல்லிருவான். நாயனமே இல்லன்னாலும் போகத்தான் சொல்லுவான்." மாமா விரல்களை எடுக்கவில்லை. "ஆசாரிக்கு எழுது பிள்ள. திமிரிக்கு மரம் வருதுன்னு."

பெரியப்பா கைவாளைத் துடைத்து ஆணியில் மாட்டினார். கீழே கிடந்த ஒன்பது அங்குலத் துண்டைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு, பெரியம்மாவிடம் சோறு கேட்டார்.